ஒருத்தன்கூட வரலை

“மகனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, எங்க பயிற்சி முகாம்ல ஆறு மாசம் விடுறீங்களா? முடிவு உங்களுதும்மா” என்றார் சிறுவர் சீர்திருத்த இல்லத்தின் கண்காணிப்பாளர்.

“வீட்டுக்கே வரட்டும் சார். அவன் மாமா ஒர்க் ஷாப்ல சேர்த்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு.”

சாயம் போகாது என்று சத்தியம் செய்யும் துணிக்கடைக்காரர் மாதிரி, நான் தயாரித்த அறிக்கையை மேசைமேல் விரித்தார் கண்காணிப்பாளர்.

“வீட்டுக்குப் போனவங்கள்ல நூத்துக்கு முப்பது பேர் மறுபடி தப்பு பண்ணி இங்கேயே வந்துட்டாங்க. முகாமுக்குப் போனவங்கள்ல ஒருத்தன்கூட வரலை. அஞ்சு வருஷக் கணக்கும்மா. ஆராய்ச்சி பண்ணின சாரே இதோ உக்காந்திருக்காரு, கேளுங்க.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பெருமையாகத் தலையாட்டினேன். முகாமுக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகனை வழியனுப்ப வாசலுக்குப் போனார்.

கண்காணிப்பாளரும் பின்னாலேயே போக, பக்கத்து மேசையிலிருந்த குமாஸ்தாவிடம் கேட்டேன். “முகாம்ல அப்படி என்னதான்யா மந்திரம் போடறீங்க?”

“மந்திரமாவது! பதினேழரை வயசு ஆனவனைத்தான் அங்கே அனுப்புவோம். வெளியே வர்றப்போ பதினெட்டு. அப்புறம் தப்பு பண்ணினா இங்கே எப்படி சார் சேர்ப்பாங்க? நேரா பெரிய ஜெயில்தான். பாதிப் பேர் அங்கேதான் இருக்கானுங்க. அந்தக் கணக்கை நீங்க கேக்கவே இல்லையே!”

படிவத்தைப் பார்த்தேன். வயது பதினேழரை.

வாசலுக்கு ஓடினேன். முகாம் வண்டி தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நீங்க தலையாட்டினதாலதான் சார் துணிஞ்சு அனுப்பினேன்.”