தாண்டாத பாட்டு

அக்கா வீட்டுச் சோபாவில் இவளும் அத்தானின் நண்பனும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று இவள் இன்று சொல்லியாக வேண்டும். டிவியில் புது அனிமே, ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், தொடங்குகிறது. தொடக்கப் பாட்டைத் தாண்டிப்போகும் பொத்தான் திரையின் மூலையில் ஒளிர்கிறது. பாட்டைத் தாண்டுகிறவனோடு இவளால் ஒரு மாலைகூட உட்கார முடியாது. ரிமோட்டில் அவன் கட்டைவிரல் அசைகிறது, சத்தம் கூடுகிறது. கிடார் அதிர்வில் காபி டம்ளருக்குள் கரண்டி கிணுகிணுக்கிறது. "ஸ்கூல் படிக்கறப்ப பார்த்த தொடரோட பாட்டெல்லாம் மனப்பாடம். இது பாதிதான் வரும்," என்றவன், புரியாத மொழி வரிகளைத் துணிச்சலாகத் தப்பாகப் பாடுகிறான். "கொல்றீங்க!" என்று சிரித்து, இவள் அடுத்த வரியை உரக்க எடுக்கிறாள். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். "என்னடி, அப்பாகிட்ட என்ன சொல்ல?" "சரின்னு சொல்லிடுக்கா. பாட்டு நடுவுல பேசாத!" அவனுக்கு வரி மறந்துபோகிறது. இவள் நிறுத்தாமல் பாடுகிறாள்.