டைகருக்குக் கிடைத்த இடம்

அந்த ஒரு பக்கத்தில் நாயின் பேர்கூட இருந்தது. ஆஞ்சலாவின் பேரைத்தான் காணோம்.

"ஏன் நிறுத்திட்ட? படி" என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த கேத்தரின். "சத்தமா படி."

ஆறு வருடமாக அக்கா தங்கைக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. பிரேசர் டவுனில் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறுவார்கள்.

இன்று காலை அக்கா மகன் ஆஷ்லி போன் செய்தான். "ஆன்ட்டி, டாக்டர் ரெண்டு மாசம்தான் டைம் குடுத்திருக்காரு. மம்மி உங்கள வரச் சொல்றாங்க." மனசு கேட்கவில்லை. கண்ணாடியைக்கூட எடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள் ஆஞ்சலா.

வந்தவளுக்கு ஒரு வாய் காபி இல்லை. வா என்றுகூடச் சொல்லாமல் கையில் தாளைத் திணித்தாள் அந்த மகராசி.

அடக்க ஆராதனையில், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வீட்டில் ஒருவர் எழுந்து வாசிப்பது வழக்கம். தனக்குக் கண்டவர்கள் கண்டதை எழுதிவிடக் கூடாது என்று கேத்தரின் தன் கதையைத் தானே சொல்லி, ஆஷ்லியை டைப் அடிக்க வைத்திருந்தாள். ஒவ்வொரு எழுத்தும் பஸ் போர்டு எழுத்து மாதிரி அவ்வளவு பெரிது. அக்காவுக்குப் பார்வையும் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ஆஞ்சலா.

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். "'தங்கமான கணவர் யூஜின், மகன் ஆஷ்லி, முப்பது வருடம் பால் ஊற்றிய சீனு, வாசலைக் காத்த டைகர், எல்லோருக்கும் என் நன்றி.'"

"முழுங்காம படி. மெயில் வண்டி வேகத்துல ஓடற."

"காது கேக்கலன்னா மெஷின் வாங்கி வெச்சுக்கோ!"

"வாய் மட்டும் குறையல உனக்கு."

"உன்கிட்ட கத்துக்கிட்டதுதான்!"

அதற்குமேல் ஆஞ்சலாவால் முடியவில்லை. தாளைக் கட்டில்மேல் விசிறியடித்தாள். "பால்காரன் இருக்கான், நாய் இருக்கு, கூடப் பொறந்தவ இல்ல. அம்மாவ புதைச்ச குழியிலயே, என்னை ஒரு வார்த்தை கேக்காம, உன் புருஷன அடக்கம் பண்ணே. அங்கதான் எனக்கு இடமில்லன்னா, இந்தப் பேப்பர்லயுமா இல்ல?"

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்!"

"அதான் கேக்கல."

அவமானத்தில் ஆஞ்சலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவள் முன்னால் அழுவதற்குச் சாகலாம் என்றிருந்தது. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள்.

"செத்துப்போன உன் நாயவே எழுப்பிக் கூட்டிட்டு வந்து அழச் சொல்லு!"

"ஏய், தாளை எடுத்துட்டுப் போடி."

"எதுக்கு? ஃப்ரேம் போட்டு மாட்டவா?" வாசலில் நின்று திரும்பினாள். "என் பேரு மட்டும் ஏன் இல்ல? அத மட்டும் சொல்லு, போயிடறேன். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

கேத்தரின் கசங்கிய தாளை மடியில் வைத்து நீவினாள். மறுபடியும் தங்கையிடம் நீட்டினாள்.

"அன்னிக்கு எழுந்து நின்னு படிக்கப்போறவ பேரு அதுல எதுக்குடி?"