ஒரு செட் ஒயர்

"ரெண்டுல ஒண்ணுதான் சார் முடிஞ்சிருக்கு. ஒயரு ஒரு செட்டுக்குத்தான் இருந்திச்சி" என்றார் ரேடியோ ரிப்பேர்க்காரர் தாண்டவராயன், சாலிடர் வைக்கும் கம்பியை ஓரமாக வைத்துக்கொண்டே. "இவ்ளோ சன்ன ஒயரு இங்க எங்கயும் கெடைக்காது. மெட்ராஸ்லேர்ந்து வரணும். இன்னொண்ணு பொங்கலுக்கு அப்பாலதான்."

லூர்துநாதனுக்குப் பகீரென்றது. திண்டிவனத்தில் ஏறி விழுப்புரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது இதைக் கேட்கத்தானா? நாளை மறுநாள் கிறிஸ்துமஸ். 1985-ம் வருஷமும் அவருக்கு இப்படித்தான் முடியும் போலிருக்கிறது.

ரேடியோக்களுக்கும் டேப்ரெக்கார்டர்களுக்கும் நடுவே, மேஜைமேல் இரண்டு பொம்மை ரயில் என்ஜின்கள் சக்கரம் மேலே தெரிய மல்லாந்து கிடந்தன. ஒன்றில் புது ஒயர் சிவப்பும் கறுப்புமாகப் பளபளத்தது. மற்றதில் நூல் சுற்றிய பழைய ஒயர் இற்றுப்போய், உள்ளே செம்புக் கம்பி பல்லிளித்தது.

மற்றபடி இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பா, பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாதென்று பிரான்சிலிருந்து ஒரே மாதிரி இரண்டு ரயில் செட் வாங்கி வந்தார். ஒன்று பெரியவன் சூசைமுத்துவுக்கு, ஒன்று சின்னவன் லூர்துநாதனுக்கு. பாவம், மனுஷன் ஆசை பலிக்கவில்லை. அவர் போனபின் வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்ததோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றுபோனது. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிறிஸ்துமஸ் குடில், இந்தப் பக்கம் ஒரு குடில். இரண்டிலும் குழந்தை இயேசுவைச் சுற்றி ரயில் ஓடும்.

போன வருஷம் குடில்களைப் பார்த்துப் பரிசு கொடுக்கிற கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து நின்ற நேரம் பார்த்து, லூர்துநாதனின் ரயில் புகைந்து நின்றுவிட்டது. தெருவே சிரித்தது. அண்ணன் ரயில் ஓடியது. முதல் பரிசும் அவருக்கே போனது. அந்த அவமானம் ஒரு வருஷமாக லூர்துநாதனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

"எங்கண்ணன் எப்ப கொண்டாந்து குடுத்தாரு?"

"அவரு மொதல்லயே குடுத்துட்டாருங்க. நீங்கதான் நாலு நாளு கழிச்சி வந்தீங்க. நேத்துகூட வந்து ரொம்ப நேரம் ஒக்காந்துக்கினு..."

"போதும். அந்த ஆளு பேச்ச எடுக்காதீங்க."

"இல்ல சார், அதுல ஒரு விஷயம் இன்னான்னா..."

"எனக்கு எல்லாம் தெரியும். விடுங்க."

நேற்று வந்து காக்கா பிடித்திருக்கிறார். இருந்த ஒயரெல்லாம் அவர் வண்டிக்குப் போய்விட்டது. வேறென்ன விஷயம் இருந்துவிடப் போகிறது?

தாண்டவராயன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். "சரி, கோவிச்சிக்காதீங்க. செத்த ஒக்காருங்க. இத்த வைக்கறதுக்கு ஒரு அட்டப்பொட்டி வாங்கியாறேன்" என்று புது ஒயர் போட்ட என்ஜினைக் காட்டிவிட்டு வெளியே போனார்.

கடையில் லூர்துநாதனும் இரண்டு என்ஜின்களும்தான். கைக்கெட்டும் தூரத்தில் ஸ்க்ரூ டிரைவர்.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனுஷன். ஆனாலும் தெரு சிரித்த சிரிப்புதான் காதில் கேட்டது. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, பளபளத்த என்ஜினின் அடித்தகட்டைக் கழற்றினார். மோட்டாரில் சுற்றியிருந்த, தலைமயிரைவிட மெல்லிய கம்பியில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி, நாலைந்து இடத்தில் அறுத்தார். ஒயர் போனால் மாற்றலாம். இது போனால் பிரான்சுக்குத்தான் போக வேண்டும். தகட்டைப் பழையபடி மூடி, என்ஜினை இருந்த இடத்திலேயே வைத்தார். மனசு குளிர்ந்தது. எனக்கு ஓடாவிட்டால் அவருக்கும் ஓட வேண்டாம்.

தாண்டவராயன் அட்டைப்பெட்டியோடு வந்தார். அடியில் வைக்கோல் பரப்பி, புது ஒயர் போட்ட என்ஜினைப் பதமாக உள்ளே வைத்து, சணலால் கட்டினார். கட்டியதை லூர்துநாதனிடம் நீட்டினார்.

"எங்கிட்ட ஏன் குடுக்கறீங்க? அவரே வந்து வாங்கிக்குவாரு."

"அவருது அதோ, பழைய ஒயரோட கெடக்குது சார். போன வருஷம் தம்பி ரயிலு நின்னப்ப அவன் மூஞ்ச பாக்க மனசு கேக்கல, இருக்கற ஒயர அவனுதுக்கே போட்டுடுன்னு சொல்லி, நான் இத்த முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்து, ஓட்டிப் பாத்துட்டுத்தான் போனாரு உங்கண்ணன்."