மாமனாரோடு ஒன்பது குழிகள்

"நீங்க முதல்ல அடிங்க."

"ஐயையோ, நீங்க பெரியவங்க. நீங்க அடிங்க சார்."

"அதெல்லாம் முடியாது. நீங்க அடிச்சாத்தான் நான் அடிப்பேன்."

வெள்ளைத் தொப்பிப் பெரியவர் பிடிவாதமாக ஒதுங்கி நின்றார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேறு வழியில்லை. கோல்ஃப் மட்டையை ஸ்பேனரைப் பிடிப்பதுபோல் இறுகப் பிடித்தான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 'கோல்ஃபா? சின்ன வயசுலேருந்தே ஆடறேன்' என்று காதலியின் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியது அவன்தான். 'அப்படின்னா சனிக்கிழமை காலையில மைதானத்துக்கு வரட்டும். ஒருத்தன் ஆடறதைப் பார்த்தா ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும். அப்புறம் கல்யாணத்தைப் பேசிக்கலாம்' என்று உடனே பதில் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கோல்ஃப் என்றால் என்னவென்று போனில் வீடியோ பார்த்தான்.

"அங்க போய் வீட்டுப் பேச்சு, என் பேச்சு எதுவும் எடுக்காதே. ஆட்டத்துல கவனம் இல்லைன்னு பாதியிலேயே கிளம்பிடுவார்" என்று காதலி எச்சரித்திருந்தாள். அவள் காட்டிய போட்டோவில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் நரைத்த மீசையும்தான் தெரிந்தன. இங்கே முதல் குழிக்கு அடிக்கும் இடத்தில் அதே தொப்பி, அதே கண்ணாடி, அதே மீசை நின்றன. "எனக்காகத்தானே வந்திருக்கீங்க?" என்று அவரே கேட்டார். "ஆமா சார்" என்றான். அறிமுகம் முடிந்தது.

யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்கிற பொது மைதானம்தான். ஆனால் புல்லைச் சீப்பு வைத்து வாரிவிட்டதுபோல் அவ்வளவு ஒழுங்கு. கால் வைக்கவே கூச்சமாக இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தான். ஒரு தட்டு மண் புல்லோடு பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"காத்து சார்" என்றான்.

"ஓஹோ, காத்தா!" பெரியவர் முன்னால் வந்தார். அவரும் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பங்குக்கும் ஒரு தட்டு மண் பறந்தது. "எனக்கும் காத்து" என்றார்.

மெக்கானிக் உருகிப்போனான். வரப்போகிற மாப்பிள்ளை வெட்கப்படக் கூடாதென்று தானும் கோட்டை விடுகிறாரே! இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார்? இருவரும் மண்டியிட்டு, பெயர்ந்த புல்லைப் பழைய இடத்தில் பொருத்தி, காலால் அழுத்தினார்கள்.

மூன்றாவது குழிக்குப் போகும் வழியில் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. அடித்தான். மணல் வாய்க்குள் போனது. மறுபடி அடித்தான். காதுக்குள் போனது. பெரியவர் தும்மிய நேரம் பார்த்து, பந்தைக் கையால் எடுத்து வெளியே வீசினான்.

திரும்பினால், பெரியவர் நல்ல புல்தரையில் கிடந்த தன் பந்தை மணலுக்குள் உருட்டிவிட்டு, இறங்கி, அதைக் கையால் எடுத்து வெளியே வீசிக்கொண்டிருந்தார்.

"இப்படித்தானே?" என்றார்.

மெக்கானிக்குக்கு முகம் வெளிறிவிட்டது. பார்த்துவிட்டார். ஆனால் கத்தவில்லை, குத்திக்காட்டவில்லை. எவ்வளவு நாசூக்காகச் செருப்பால் அடிக்கிறார்!

"தப்பா நினைச்சுக்காதீங்க சார்."

"தப்பா? இது எவ்வளவு சுலபமா இருக்கு! உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க தம்பி. ஒருத்தர் எதுக்கெடுத்தாலும் சள்ளுபுள்ளுன்னு விழுந்தார். இன்னொருத்தர் நான் அடிக்கறப்ப எல்லாம் சிரிச்சார். ரெண்டு பேரையும் வேண்டாம்னு அனுப்பிட்டேன்."

முன்னாடி ரெண்டு பேரா? காதலி மூச்சு விடவில்லையே! தன்னைப் பற்றி இவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்தே ஆக வேண்டும்.

"என்னைப் பிடிச்சிருக்கா சார்?"

"உங்ககிட்டப் பொறுமை இருக்கு. எனக்கு அதுதான் முக்கியம்."

"கடைசி வரைக்கும் கூடவே இருந்து நல்லபடியாப் பார்த்துக்குவேன் சார். சத்தியமா."

"கடைசி வரைக்கும் எதுக்கு தம்பி? ஒரு ஆறு மாசம் இருந்தாப் போதும்."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு, பெரிய இடத்து நகைச்சுவை இப்படித்தான் இருக்கும்போல என்று வயிறு குலுங்கச் சிரித்தான். பெரியவரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

ஒன்பதாவது குழியில் இருவர் பந்தும் ஒருவழியாக உள்ளே போனபோது வெயில் ஏறியிருந்தது. பின்னால் காத்திருந்த கூட்டம் கைதட்டியது. அது பாராட்டு இல்லை.

பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் முடிவு பண்ணிட்டேன். இனிமே நீங்கதான். வேற யாரையும் பார்க்கப் போறதில்லை."

மெக்கானிக் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இனிமே உங்களை அப்பான்னே கூப்பிடட்டுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கூப்பிடுங்க. அதனால என்ன?"

அந்த நேரத்தில் காதலியின் போன் வந்தது.

"டேய், சாதிச்சுட்டடா! அப்பா இப்பத்தான் வீட்டுக்குள்ள வந்து ஷூவைக் கழட்டறார். இப்படி ஒரு ஆட்டக்காரனை ஜென்மத்துல பார்த்ததில்லையாம்! கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொல்லிட்டார்."

மெக்கானிக் மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான் அவருக்கு உறுத்துதாம்" என்றாள் காதலி. இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. "உனக்குப் பொண்டாட்டியும் ரெண்டு பிள்ளைங்களும் இருக்காங்கன்னு ஆடறப்ப நீயே சொன்னியாமே?"

பெரியவர் பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, மெல்ல அவன் தோளைத் தொட்டார்.

"நீங்க பேசுங்க மாஸ்டர். அடுத்த கோல்ஃப் கிளாஸ் என்னைக்குன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்."