செத்தவர் வீட்டுத் தண்ணீர்

செத்துப்போன மனிதர் வீட்டுக்கு இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தப்பு அதுதான்.

ரோமில் குழாய்த் தண்ணீர் என்பது சக்கரவர்த்தி ஆளுக்குக் கொடுப்பது. வீட்டுக்கு இல்லை. ஆள் போனால் தண்ணீரும் போகும். மனைவியானாலும் மகனானாலும் புதிதாக மனுப் போட வேண்டும்.

அவெந்தின் மேட்டுக் காவியஸ் கிழவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம். ஊருக்கு வெளியே பண்ணையில் செத்தார். அங்கேயே எரித்துவிட்டார்கள். நீர் இலாகாவுக்குச் சேதி போகவில்லை.

போகாமல் பார்த்துக்கொண்டவள் கஞ்சிக் கடை ஹிலாரா.

கிழவர் மேல் பாசமெல்லாம் இல்லை. அவர் தோட்டத்தில் வழிந்த தண்ணீர், பின்சுவர் ஓட்டை வழியாகச் சந்தில் விழும். எதிரே இருந்த நாலு மாடிக் குடியிருப்பு முழுக்க அதைத்தான் குடித்தது. அது நின்றால் மேட்டிலிருந்து இறங்கி, கீழ்த் தெருத் தொட்டியில் முட்டி மோதி, நிறைகுடத்தோடு மறுபடி ஏற வேண்டும். ஹிலாராவுக்கு முழங்கால் வீக்கம். கடையை மூட வேண்டியதுதான்.

ஆகவே சந்து முழுக்க ஒரே பேச்சு. கிழவர் உயிரோடு இருக்கிறார், தினமும் இருமுகிறார்.

ஒரு நாள் காலை, சுத்தியலும் உளியுமாக நீர் இலாகா மேஸ்திரி மாக்கர் வந்து நின்றார். பின்னால் ஆட்கள்.

“செத்துப்போன காவியஸ் வீடு எதும்மா?”

“யாரு செத்தது?” ஹிலாரா கரண்டியை ஓங்கினாள். “காலைலகூட இருமினாரு. சந்தே அதிர்ந்துச்சு.”

“அப்படியா. வெளியே வரச் சொல்லு.”

“கால்ல வாதம்யா. எந்திரிக்க முடியாது.”

மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு சுமைதூக்கி தலையை நீட்டினான். உதவி செய்கிறானாம்.

“குளிக்கப் போயிருக்காருங்க! இப்பத்தான் பார்த்தேன்!”

“வாதத்தோடயா?”

“தூக்கிட்டுப் போனாங்க.”

“தூக்கிட்டுப் போனாங்கன்னுதான் நானும் கேள்விப்பட்டேன்” என்றார் மாக்கர். “போதும், நிறுத்துங்க. இலாகாவுக்கே ஆள் வந்து சொல்லியாச்சு.”

கரண்டி இறங்கியது. “யாரு சொன்னது?”

“அதெல்லாம் உனக்கெதுக்கு?”

ஹிலாரா எதிர்க் கடையைப் பார்த்தாள். மதுக்கடை மமெர்கஸ் தூணுக்குப் பின்னால் நகர்ந்தான்.

“நீதானேடா? உன் சரக்கைக் கிழவர் வாயில வச்சதும் துப்பினாரே, அந்தக் காந்தல் இன்னும் போகலையா?”

“ஜூபிடர் மேல சத்தியமா நான் இல்லக்கா! இந்தத் தண்ணி நின்னா நான் எதைக் கலந்து விக்கிறது? சந்துலயே அதிகமா இழுக்கிறது என் கடைதான்!”

அவன் சொன்னதிலேயே அதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள்.

ஆட்கள் வீட்டுக்குள் போனார்கள். உளிச் சத்தம் கேட்டது. சுவர் ஓட்டையில் தண்ணீர் நூலானது. சொட்டானது. நின்றது.

வாசல் கதவு திறந்தது. கிழவரின் மனைவி ருப்ரியா, துக்கத்துக்குக் கட்டிய கறுப்பு உடையில் வந்து நின்றாள். சந்தில் கால் வைக்காத மனுஷி. பல்லக்கு இந்தப் பக்கம் வந்தால் திரையை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

ஹிலாராவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, ஒரு மனுப் போட்டிருந்தா உங்க பேருக்கே மாத்தியிருப்பாங்களே! உங்களுக்கென்ன, குடம் தூக்க அடிமை இருக்கான். நாங்க எங்கே போறது?”

ருப்ரியா உள்ளே திரும்பினாள். கதவு மூடிக்கொண்டது.

“திமிரைப் பாரு!” என்றாள் ஹிலாரா. “இவங்களை விடு. காட்டிக்கொடுத்தது யாருன்னு மட்டும் தெரியட்டும். இந்தக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கத் தலையில ஊத்தறேன்.”

மாக்கர் காதில் வாங்கிக்கொண்டார். ஆனால் ஆட்கள் கிளம்பவில்லை. சந்து முனையில் தோண்ட ஆரம்பித்தார்கள்.

பட்டப்பகலில் ஒரு மாட்டு வண்டி மேடேறி வந்தது. பகலில் வண்டி விடுவது அரசாங்கக் கட்டுமானத்துக்கு மட்டும்தான். சந்து மொத்தமும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. வண்டியிலிருந்து பெரிய பெரிய கல் பலகைகள் இறங்கின. கடைசியாக, வாயில் துளை வைத்த காளைத்தலைக் கல் ஒன்று.

சாயங்காலம் காளை வாயிலிருந்து புதுக் கல் தொட்டிக்குள் தண்ணீர் கொட்டியது. கிழவர் வீட்டுக்குப் போன அதே தண்ணீர். சுவர் ஓட்டையில் வந்ததைப்போல மூன்று மடங்கு.

வரிசை கட்டினார்கள். மமெர்கஸ் இரண்டு ஜாடியோடு முன்னால் நின்றான்.

ஹிலாரா குடத்தை நிரப்பிவிட்டு மாக்கரிடம் வந்தாள்.

“இதை எப்போய்யா அடைப்பீங்க?”

“எதுக்கு அடைக்கணும்? ஆளுக்குக் கொடுத்தா ஆளோட போகும். இது தெருவுக்குக் கொடுத்தது. தெரு என்ன சாகவா போகுது?”

“யாருய்யா கேட்டு வாங்கினது?”

“இலாகாவுக்கு வந்து சொன்னவங்கதான். நீ கஞ்சி ஊத்தறேன்னியே, அவங்க.”

ஹிலாரா குடத்தைக் கீழே வைத்தாள்.

“‘உங்க பேருக்கே மாத்தித் தர்றோம்’னுதான் எங்க அதிகாரி அவங்ககிட்ட சொன்னாரு. ‘வேண்டாம், சந்துக்கே எழுதுங்க. நானும் ஒரு நாள் போவேன். அப்புறம் என்னையும் இரும வச்சுக்கிட்டு இருப்பாங்க, பாவம்’னுட்டாங்க.”

மாக்கர் சுத்தியலால் வரிசையின் கடைசியைக் காட்டினார்.

குடத்தை எந்த இடுப்பில் வைப்பதென்று தெரியாமல் அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தாள், ருப்ரியா.