வீட்டு விஷயம்

"வீட்டு விஷயத்தை ஏஐகிட்ட மூச்சுவிடக் கூடாது" என்று குடியிருப்போர் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு வீடு திரும்பினார் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்.

மனைவிக்கு நம்பிக்கையில்லை. "நம்ம பொண்ணு விவாகரத்தை அதுகிட்ட உளறி வெச்சிருக்கீங்களா?"

"நானா? சந்தேகம்னா நீயே பாரு."

பெருமையாகப் போனை நீட்டினார்.

இரண்டு வருடப் பேச்சையும் கீழிருந்து மேலாகப் படித்தாள். இவளிடம் சொல்லாத மூட்டுவலி, சாவு பயமெல்லாம் இருந்தன. மகள் பேச்சே இல்லை. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

முதல் நாளுக்கு வந்து சேர்ந்தாள்.

"இதையெல்லாம் பேச வீட்டில் யாராவது இருக்கிறார்களா?" என்று அது கேட்டிருந்தது.

"யாருமே இல்லை. அதனால்தான் உன்னிடம் வந்தேன்" என்று எழுதியிருந்தார்.

"பாத்தியா? வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா?"

"இல்லீங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நான்கூட இல்ல."