ஓர் அடிக்கோடு

"யாருமே கேக்காம நீங்க ஏன் இந்த ஃபைலைத் திறந்தீங்க?" என்று கேட்டபடி மேலதிகாரி மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல்ல யார் வராங்கன்னு பார்க்கலாம்னுதான் மேடம்" என்றான் அவன். "பார்த்ததோட விட்டிருக்கலாம். சரியா வருதான்னு இன்னொரு தடவை பார்த்தேன்."

அலுவலகத்தில் அவனுக்கு ஆமை என்று பேர். எதையும் இரண்டு முறை பார்க்காமல் கையை விட்டு அனுப்ப மாட்டான். சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் விவரங்களை எல்லா ஆஸ்பத்திரிகளிடமிருந்தும் வாங்கி, யாருக்கு முதலில் என்று வரிசைப்படுத்தும் ஜாவா புரோகிராம் அவன் பொறுப்பில் இருந்தது. அந்த வரிசையில் பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும்தான். வேண்டியவர், வேண்டாதவர் பார்த்து யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு.

ஒரு சிறுநீரகம் வரப்போவதாகக் காலையிலேயே தகவல் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. சாயங்காலத்துக்குள் பட்டியல் போயாக வேண்டும்.

"இப்போ என்ன சிக்கல்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவன் திரையை அவர் பக்கம் திருப்பினான். "ஆஸ்பத்திரிலேர்ந்து வர்ற ஜேசன் ஃபைல் இது. ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படி ஒரு அடைப்புக்குறி. உள்ள அவங்க எண், வயசு, ரத்த வகை, எப்போலேர்ந்து காத்திருக்காங்க, எல்லாம் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் உண்டு. நம்ம புரோகிராம் அந்தப் பேரை வச்சுத்தான் தேடி எடுக்கும். புதுசா சேர்ந்த ஆஸ்பத்திரியில, ரத்த வகைங்கிற பேருக்கு நடுவுல ஒரு அடிக்கோடு போட்டிருக்காங்க."

"போட்டா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?"

"நமக்கு ஒண்ணு. ஜாவாவுக்கு வேற வேற. ஒரு எழுத்து மாறினாலும் அப்படி எதுவும் இல்லைன்னு கையை விரிச்சிடும். ரத்த வகையே இல்லாத ஆளுன்னு நினைச்சு அவங்களைத் தாண்டிப் போயிடும்."

மேடத்தின் முகம் மாறியது. "அப்போ அந்த ஆஸ்பத்திரிக்காரங்க?"

"ஒருத்தர்கூட பட்டியல்ல வரலை. அதுல ஒரு பெரியவர் வருஷக்கணக்கா காத்திருக்கார். நியாயமா அவர்தான் முதல்ல வரணும்."

"இப்போ முதல்ல இருக்கறவங்க?"

"ரெண்டாவதா போயிடுவாங்க."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க பாருங்க. அவசரத்துல புரோகிராம்ல கை வச்சா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும்னு நீங்களே சொல்லுவீங்க. இன்னைக்கு இருக்கற பட்டியலை அப்படியே அனுப்பிடலாம். நாளைக்கு நிதானமா சரி பண்ணுங்க. உங்க மேல எந்தப் பேச்சும் வராது, நான் பொறுப்பு."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றித் துடைத்தான். தலையை லேசாக அசைத்தாலே போதும், விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

"என்ன, சரிதானே?"

"வேண்டாம் மேடம்" என்றான். "அவர் வரிசையிலதான் நின்னுட்டு இருந்திருக்கார். நமக்குத்தான் தெரியலை."

வேலை ஆரம்பமானது. முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தான். பிறகு ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் படித்து, அடிக்கோடு போட்ட பேர் இருந்தால் அதிலிருந்த ரத்த வகையை எடுத்துச் சரியான பேரில் வைத்து, பழைய பேரை நீக்கி, எல்லாவற்றையும் திரும்ப எழுதும்படி வரிகளை அடித்தான். விரல்கள் வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தன. ஓட்டிப் பார்த்தான். ஓர் இடத்தில் தவறு. திருத்தினான்.

"நாலு வரிக்கு இவ்வளவு நேரமா?" மேடம் அலுத்துக்கொண்டார். "மத்த நாள்ல சாயங்காலம் ஆனா முதல் ஆளா ஓடிடுவீங்க. வாரத்துல பாதி நாள் அப்படித்தான். இன்னைக்குப் பார்த்து ஆமை ஓட்டுக்குள்ள போயிடுச்சே."

அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை.

புதிய பட்டியல் திரையில் வந்தது. உச்சியில் இதுவரை இல்லாத ஓர் எண். முன்பு அங்கே இருந்த எண் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அனுப்புங்க."

அனுப்பினான்.

மேடம் எழுந்து அவன் தோளைத் தட்டினார். "நல்ல காரியம் பண்ணீங்க. உங்க எடத்துல வேற யாராவது இருந்தா வாயை மூடிட்டுப் போயிருப்பாங்க. அந்த ரெண்டாவது ஆளை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. ஆனா அவங்களுக்கு இது தெரியவே போறதில்லை. அந்த வரைக்கும் நிம்மதி."

"ஆமாம் மேடம்" என்று சொல்லிவிட்டு அவன் கணினியை அணைத்தான்.

மாடிப்படியில் இறங்கும்போது கைப்பேசி ஒலித்தது. மனைவிதான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றான். நின்று நின்று, கடைசியில் எடுத்தான்.

"ஏங்க, துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன்" என்றாள். மூச்சு வாங்கினாலும் குரலில் சிரிப்பு இருந்தது. "காலையில நீங்க ஃபோன் பண்ணதுலேர்ந்து எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நல்லாப் பார்த்தீங்கல்ல, முதல்ல இருக்கறது என் நம்பர்தானே?"